கண்ணாடிச் செங்கல் ஜன்னல்: கைக்குக் கூலியா, கண்ணுக்குக் கூலியா?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியவர்களைக் கேட்டால், "வாங்கிய வீட்டை ரிப்பேர் பண்ணிப்பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே பொருள் மலிவு, ஆள் கூலி அதிகம். அதனால் சனி, ஞாயிறு வந்தால் வீட்டுக்காரரே சுத்தியலும் கையுமாக இறங்கிவிடுவது வழக்கம். பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, தரை ஓடு பதிப்பது என்று எல்லாவற்றுக்கும் இணையத்தில் வீடியோ இருக்கிறது. "இதற்குப் போய் ஒரு ஆளா?" என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது.

இந்தக் கேள்வி அடிக்கடி எழும் வேலைகளில் ஒன்று, பேஸ்மென்ட்டில் கண்ணாடிச் செங்கல் ஜன்னல் வைப்பது. அங்கே அதை கிளாஸ் பிளாக் என்பார்கள். தமிழ்நாட்டில் மாடிப்படிச் சுவரில் வெளிச்சத்துக்காகச் சதுரம் சதுரமாகப் பதித்திருப்பார்களே, அதே கண்ணாடிக் கட்டிதான். பார்க்க எளிய வேலை. எட்டு கண்ணாடிக் கட்டி, கொஞ்சம் சாந்து, ஒரு சாந்துக் கரண்டி. இதற்குத் தனியாக ஒரு தொழில்முறைக் கைகாரர் தேவையா?

தேவை. ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. "அவர் நேராக அடுக்குவார், அழகாகப் பூசுவார்" என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அடுக்குவதை ஒருவர் பழகிக்கொள்ள முடியும். எங்கே அடுக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அதற்குத்தான் காசு.

பிட்ஸ்பர்க்கும் பேஸ்மென்ட்டும்

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரை எடுத்துக்கொள்ளலாம். மலைமேடான ஊர். இரண்டாம் உலகப்போருக்கு முன்பே கட்டிய வீடுகள் ஏராளம். பெரும்பாலான வீடுகளுக்கு அடியில் பேஸ்மென்ட் உண்டு. அதன் மேற்பகுதியில், வெளித் தரைமட்டத்தை ஒட்டினாற்போல் சின்னச் சின்ன ஜன்னல்கள். முன்பெல்லாம் இவை மரச்சட்டத்திலோ இரும்புச் சட்டத்திலோ இருந்தன. மழைநீரும் பனியும் பட்டு மரம் மக்கும், இரும்பு துருப்பிடிக்கும். ஒற்றைக் கண்ணாடி வழியாகக் குளிர் உள்ளே இறங்கும். தரைமட்டத்தில் இருப்பதால் திருடனுக்கும் வசதி!

இத்தனைக்கும் ஒரே மருந்தாக வந்ததுதான் கண்ணாடிச் செங்கல். மக்காது, துருப்பிடிக்காது, வெளிச்சம் வரும், உள்ளே இருப்பது வெளியே தெளிவாகத் தெரியாது, உடைப்பதும் சுலபமில்லை. பிட்ஸ்பர்க்கின் பழைய குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், வீட்டுச் சுவரின் அடியில் இந்தக் கண்ணாடிச் சதுரங்களைப் பார்க்காமல் போக முடியாது.

அந்த ஊருக்கும் இந்தப் பொருளுக்கும் வேறொரு உறவும் உண்டு. ஊதிச் செய்த உள்ளீடற்ற கண்ணாடிச் செங்கலுக்கு 1880களிலேயே சுவிட்சர்லாந்தின் குஸ்தாவ் ஃபால்கோனியே காப்புரிமை பெற்றுவிட்டார். பாரிஸில் 1932ல் கட்டி முடிந்த "மேசோன் து வேர்" என்ற கண்ணாடி வீடு இதை உலகறியச் செய்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ், கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் கைகோர்த்து 1937ல் பிட்ஸ்பர்க் கார்னிங் என்ற கம்பெனியைத் தொடங்கின. பென்சில்வேனியாவின் போர்ட் அலிகெனி என்ற சிற்றூரில் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து பல பத்தாண்டுகள் கண்ணாடிக் கட்டிகள் நாடெங்கும் போயின. 2016ல் அங்கே கண்ணாடிக் கட்டி உற்பத்தி நின்றது. பழைய வடிவமைப்பு கொண்ட ஒரு கட்டி உடைந்தால் அச்சு அசலாக அதே கட்டி கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செங்கல் மாதிரி, ஆனால் செங்கல் இல்லை

கண்ணாடிச் செங்கலின் அடிப்படை தெரிந்தால்தான் இந்த வேலையின் சிக்கல் புரியும். உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி இரண்டு பாதிகளாகச் செய்கிறார்கள். அந்த இரண்டையும் சூட்டில் ஒட்டவைக்கிறார்கள். ஆறும்போது உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி, ஓரளவு வெற்றிடம் உண்டாகிறது. வழக்கமான அமெரிக்கக் கட்டியின் தடிமன் 3 7/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 98 மில்லிமீட்டர். எட்டுக்கு எட்டு என்று பெயர் சொன்னாலும் உண்மையில் 7 3/4 அங்குலச் சதுரம்தான். மீதி கால் அங்குலம் சாந்துக்கு. ஐரோப்பிய, இந்தியச் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 190 மில்லிமீட்டர் சதுரமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கட்டி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

களிமண் செங்கல் சாந்திலிருக்கும் நீரை உறிஞ்சும். அதனால்தான் வைத்த சில நிமிடங்களில் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி ஒரு சொட்டு நீரையும் உறிஞ்சாது. கொஞ்சம் தளர்வாகக் கலவை கலந்துவிட்டால் கட்டி மிதந்து நழுவும், அடிவரிசைச் சாந்து பிதுங்கி வெளியே வரும். ஆகவே கலவை கெட்டியாக இருக்க வேண்டும், கட்டிகளுக்கு இடையே பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்க வேண்டும், இடுக்கு முழுவதும் சாந்து நிறைந்திருக்க வேண்டும். கலந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தாத சாந்தைக் கொட்டிவிட வேண்டும், இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்கக் கூடாது என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதியே சொல்கிறது. செங்கல் சுவர் கட்டிப் பழகிய நல்ல கொத்தனார்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்.

இரண்டாவது விஷயம் பளு. கண்ணாடிச் செங்கல் தன் எடையை மட்டும்தான் தாங்கும். மேலே இருக்கும் சுவரின் பாரம் அதன்மேல் இறங்கக் கூடாது. பாரத்தை மேலே உள்ள லிண்டல்தான் வாங்க வேண்டும். அந்த லிண்டல் வளைவதற்கும் கணக்கு உண்டு, அதன் நீளத்தில் 600ல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது.

மூன்றாவது, வெப்பம். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும் அதே பிட்ஸ்பர்க் கோடையில் 30 டிகிரி செல்சியஸைத் தொடும். வெயில் நேராகப் படும் கண்ணாடியின் சூடு இன்னும் கூடுதல். சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, ஏறத்தாழ 9 மைக்ரான் நீளும். 3 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிச் சுவர் 40 டிகிரி மாற்றத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் சாந்து வைத்து இறுக்கிவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடம் இல்லை, கண்ணாடி விரிசல் விடும். அதனால்தான் மேலேயும் இரண்டு பக்கங்களிலும் குறைந்தது 3/8 அங்குல இடைவெளி விட்டு, மெத்தென்ற பட்டை வைத்து, வெளியே சீலன்ட் பூசச் சொல்கிறார்கள். அடியிலும் சாந்துக்கு முன் தார்க் குழம்பு பூசுவார்கள், பலகம் ஒட்டிக்கொள்ளாமல் நகர வேண்டும் என்பதற்காக. பார்ப்பவர் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அடுக்கி முடித்த அன்று, முறையாகச் செய்ததும் முறைகெட்டுச் செய்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய இரண்டு குளிர்காலம் ஆகலாம்!

திறக்காத ஜன்னல்

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு முடிகிற விஷயம். தப்பாகப் போனால் ஜன்னல் விரியும், தண்ணீர் கசியும், மறுபடி செலவு செய்ய வேண்டும். இனி வருவது உயிர் சம்பந்தப்பட்டது.

கண்ணாடிச் செங்கல் ஜன்னல் திறக்காது. நடுவில் காற்றுக்காகச் சின்னதாக ஒரு வென்ட் வைக்கலாம். அதில் கை நுழையும், ஆள் நுழைய முடியாது. சாமான் போட்டு வைக்கும் பேஸ்மென்ட்டுக்கு இது போதும். ஆனால் அந்த பேஸ்மென்ட்டில் யாராவது தூங்கினால்?

நள்ளிரவில் தீப்பிடித்தால் பேஸ்மென்ட்டில் இருப்பவருக்குப் படிக்கட்டு ஒன்றுதான் வழி. புகையும் சூடும் அதே படிக்கட்டில்தான் இருக்கும். அதனால்தான் அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, ஒவ்வொரு படுக்கையறையிலும், மனிதர் வசிக்கும் பேஸ்மென்ட்டிலும் பொதுவாக ஒரு அவசர வெளியேற்ற வழி இருந்தாக வேண்டும் என்கிறது. ஜன்னல் என்றால், திறந்தபின் கிடைக்கும் இடம் குறைந்தது 5.7 சதுர அடி. தரைமட்டத்தில் இருந்தால் 5 சதுர அடி போதும். உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் குறைந்தது 20 அங்குலம். ஜன்னலின் அடி, அறைத் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் சாவியோ கருவியோ இல்லாமல் திறக்க முடிய வேண்டும். அளவு ஏன் இப்படி என்றால், உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பது மட்டுமல்ல, முதுகில் மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர் உள்ளே போகவும் வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 24 அங்குலத்தையும் 20 அங்குலத்தையும் பெருக்கினால் 3.3 சதுர அடிதான் வரும். அதாவது இரண்டு குறைந்தபட்ச அளவையும் தொட்டுவிட்டதால் விதி நிறைவேறிவிடாது. வீட்டுக்காரர்கள் தாங்களே டேப் வைத்து அளந்து ஏமாறும் இடம் இது. பென்சில்வேனியாவில் 2004 முதல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான கட்டட விதி நடைமுறையில் இருக்கிறது. அதன் அடிப்படையும் இந்த வீட்டு விதிதான்.

ஜன்னல்தோறும் இரும்புக் கம்பி வைத்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த விதி விசித்திரமாகத் தோன்றலாம். ஜன்னல் என்றால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்றுதான் நினைத்துப் பழக்கம். தீ வந்தால் அதே கம்பி வெளியே போகவிடாது என்ற நினைப்பு அங்கேயும் வர வேண்டியதுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தானே செய்பவர் வீடியோவைப் பார்த்துச் சாந்து கலக்கக் கற்றுக்கொள்வார். "உங்கள் பேஸ்மென்ட்டில் யார் தூங்குகிறார்கள்?" என்று அந்த வீடியோ அவரைக் கேட்காது. அளவெடுக்க வரும் ஆள் கேட்க வேண்டும். ஜன்னல் பக்கத்தில் ஒரு கட்டிலைப் பார்த்தால், "இங்கே கிளாஸ் பிளாக் வைக்க மாட்டேன், திறக்கிற ஜன்னல் வையுங்கள்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவருக்கு அந்த வேலை போகலாம். அதையும் மீறிச் சொல்பவரைத்தான் தொழில் தெரிந்தவர் என்று சொல்லத் தகும்.

அதேபோல் கேஸில் ஓடும் ஹீட்டரும் பர்னஸும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கும். பழைய வகைக் கருவிகள் எரிவதற்கு அறைக் காற்றையே எடுத்துக்கொள்பவை. ஓட்டை ஜன்னல்களை எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், கருவிக்குப் போதிய காற்று கிடைக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

பழைய பெயின்ட்

பழைய ஜன்னலை எடுப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் கலப்பதை 1978ல் தடைசெய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளின் ஜன்னல் சட்டங்களில் ஈயப் பெயின்ட் இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச் சட்டத்தை ரம்பத்தால் அறுக்கும்போது பெயின்ட் பொடியாகி வீடெங்கும் பறக்கும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை.

அதனால் 2010 ஏப்ரல் முதல், 1978க்கு முன் கட்டிய வீடுகளில் கூலி வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட வேலை செய்யும் நிறுவனங்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஜன்னல் மாற்றுவது எவ்வளவு சின்னதானாலும் அந்த விலக்கில் வராது. பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, பொடி பரவாமல் அடைத்து, முடித்தபின் முறைப்படி துடைத்துச் சோதிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தன் சொந்த வீட்டில் தானே வேலை செய்பவருக்கு இந்த விதி இல்லை. சட்டம் அவரை விட்டுவிடுகிறது. ஆனால் ஈயம் அவர் வீட்டுக் குழந்தையை விட்டுவிடாது. "சட்டப்படி தப்பில்லை" என்பதும் "ஆபத்தில்லை" என்பதும் வேறு வேறு.

ரிப்பேர் என்றால் முதலில் காரணம்

ரிப்பேர் வேலையில்தான் அனுபவத்தின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணாடிச் செங்கல் விரிசல் விட்டால் ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சுற்றியுள்ள சாந்தை வெட்டி, உடைந்த கட்டியை உள்பக்கமாகவே தட்டி எடுத்து, பக்கத்துக் கட்டிகள் அதிராமல் புதியதை நுழைக்க வேண்டும். இது கைவேலை. அதற்கு முன் "ஏன் விரிந்தது?" என்ற கேள்வி இருக்கிறது.

ஒரே ஒரு கட்டியில், வெளிப்பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போல் விரிசல் என்றால், புல்வெட்டும் மெஷின் தெறித்த கல்லாக இருக்கலாம். அதை மாற்றினால் போதும். மேல் வரிசை முழுக்க விரிசல் என்றால் லிண்டல் இறங்கி ஜன்னலை அழுத்துகிறது என்று பொருள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், அந்தப் பருமன் கண்ணாடியைத் தள்ளும். லிண்டலைச் சரிசெய்யாமல் கட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே மாதிரி விரியும். கட்டிக்கு உள்ளேயே பனி படர்ந்தது போல் இருந்தால் அதன் மூட்டு விட்டுவிட்டது. ஆனால் அறைப்பக்கத்து மேற்பரப்பில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஜன்னலில் குற்றமே இல்லை, பேஸ்மென்ட்டின் ஈரப்பதம்தான் அதிகம். ஜன்னலுக்குக் கீழே சுவர் நனைந்தால் பாதி நேரம் காரணம் வெளியே இருக்கும், அடைபட்ட மழைநீர்க் குழாயோ வீட்டைப் பார்த்துச் சரியும் மண்ணோ.

நல்ல ஆள் வெளியே போய்க் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று முதலில் பார்ப்பார். மோசமான ஆள் சீலன்ட் துப்பாக்கியை எடுப்பார்.

"அவர்களும் ஏமாற்றுகிறார்களே!"

இது நியாயமான எதிர்ப்பு. கூலிக்கு வருபவர்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள் அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களும் உண்டு, அரைகுறையாக விட்டுப் போனவர்களும் உண்டு. "தானே செய்தால் தப்பாவது நம் தப்பாக இருக்கும்" என்று சொல்வோரின் கோபத்தில் உண்மை இருக்கிறது.

மிகைப்படுத்தும் விற்பனைப் பேச்சும் ஏராளம். "கண்ணாடிச் செங்கல் சுவர் மாதிரி குளிரைத் தடுக்கும்" என்பார்கள். உண்மையில் வழக்கமான ஒரு கட்டியின் யு மதிப்பு ஏறத்தாழ 0.51. சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலோடு ஒப்பிடலாம், அவ்வளவுதான். 2023 அக்டோபரில் வந்த எனர்ஜி ஸ்டார் அளவுகோலில் வடக்கு மாநில ஜன்னல்களுக்கு 0.22 வரைதான் அனுமதி. எண் குறையக் குறைய நல்லது. காற்று கசியாது என்பது கண்ணாடிச் செங்கலின் உண்மையான பலம். அதை மட்டும் சொல்பவரை நம்பலாம்.

பென்சில்வேனியாவில் 2009 ஜூலை முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டு மராமத்து ஒப்பந்தக்காரர்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண் அவர்களின் விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்திட்ட மூன்று வேலை நாட்களுக்குள் வீட்டுக்காரர் மனம் மாறி ரத்து செய்யலாம். காப்பீடும் கட்டாயம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பதிவு என்பது திறமைக்கான சான்றிதழ் அல்ல. அந்தப் பதிவுக்கு யாரும் தேர்வு எழுதவில்லை. ஆளைத் தேடிப் பிடிக்க முடியும், கேள்வி கேட்க முடியும் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். திறமையை வீட்டுக்காரர்தான் சோதிக்க வேண்டும். சோதிப்பது அவ்வளவு கடினமும் இல்லை. கீழ்க்கண்டவற்றைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

1. இந்த அறையை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர் கேட்டாரா? கேட்காமலே விலை சொன்னாரா?

2. மேலேயும் பக்கங்களிலும் விரிவுக்கு எவ்வளவு இடைவெளி விடுவார், அதில் என்ன வைப்பார்? "முழுக்கச் சாந்து போட்டு டைட்டாக அடைத்துவிடுவேன்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

3. பலகத்தைப் பட்டறையில் கோத்துக் கொண்டுவருவாரா, இங்கேயே கட்டுவாரா? சின்ன ஜன்னலுக்கு முதல் முறை வசதியானது. எப்படியானாலும் திறப்பை மூன்று இடங்களில் அளந்தாரா? பழைய வீட்டில் எந்தத் திறப்பும் சரியான செவ்வகமாக இருக்காது.

4. வீடு 1978க்கு முந்தியது என்றால் ஈயச் சான்றிதழ் இருக்கிறதா?

5. குளிர்காலத்தில் செய்கிறார் என்றால், வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் என்ன செய்வார்? அதற்குக் கீழே சாந்து ஒழுங்காக இறுகாது.

6. ரிப்பேர் என்றால், விரிசலுக்கு என்ன காரணம் என்று சொன்னாரா?

இந்த ஆறுக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பதில் தவறில்லை. மூன்று பேரிடம் விலை கேட்பது நல்ல வழக்கம்தான். ஆனால் மூன்றில் குறைந்த விலையை எடுப்பதற்காக மட்டும் கேட்பதென்றால் கேட்பதே வீண். மூன்று பேர் சொல்லும் காரணங்களை ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டாம்

எதற்கெடுத்தாலும் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதல்ல வாதம். உள்பக்கம் பிய்ந்துபோன சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது, சாந்தின் மேல் பூத்த வெள்ளை உப்பைத் தேய்த்துக் கழுவுவது, காற்று வென்ட்டின் வலையை மாற்றுவது, வெளியே மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வது எல்லாம் யாரும் செய்யலாம். தப்பாகப் போனாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். கையைக் கடிக்காது.

கோடு எங்கே என்றால், சுவரைத் தொடும் இடத்தில். பழைய சட்டத்தை அறுத்தெடுக்க வேண்டுமா, லிண்டலைத் தொட வேண்டுமா, திறக்கும் ஜன்னலைத் திறக்காத ஜன்னலாக மாற்ற வேண்டுமா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தெரிந்த ஆள் வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது கிணற்றுக்கு மட்டும் சொன்னதில்லை.

பேஸ்மென்ட்டில் இருப்பவர் யார்?

கடைசியாக, இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு விஷயம். ஜன்னல் வைக்க ஆள் பிடிப்பது வீட்டு உரிமையாளரின் வேலை, வாடகைக்கு இருப்பவருக்கு இதில் என்ன என்று தோன்றலாம். ஆனால் மேற்படிப்புக்காக பிட்ஸ்பர்க் போன்ற ஊர்களுக்குப் போகும் மாணவர்களுக்கு மலிவாகக் கிடைப்பவற்றில் பேஸ்மென்ட் அறைகளும் உண்டு. நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் கீழறைதான். உரிமையாளர் மிச்சம் பிடித்த கூலியின் விலையை அந்த அறையில் தூங்குபவர்தான் சுமக்கிறார்.

அறை பார்க்கப் போகும்போது வாடகை எவ்வளவு, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், இணைய இணைப்பு உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். கூடவே ஜன்னலையும் ஒருமுறை பார்க்கலாம். அது கண்ணாடிச் செங்கலாக இருந்து, வெளியே போக வேறு கதவும் இல்லையென்றால், அந்த அறை படுக்க அல்ல, பெட்டி வைக்க. உரிமையாளரிடம் அதைச் சொல்லலாம். அவர் கேட்கவில்லையென்றால் ஊர்க் கட்டட ஆய்வு அலுவலகத்துக்குப் புகார் சொல்லலாம். புகைக் கண்டறி கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும்.

தொழில் தெரிந்த ஒருவர் எப்போதோ ஒருநாள் அந்த அறைக்கு வந்து, "இங்கே யார் தூங்குவார்கள்?" என்று கேட்டிருந்தால் இந்த யோசனையெல்லாம் மாணவருக்குத் தேவைப்பட்டிருக்காது. கேட்காமல் விட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன. அங்கே அந்தக் கேள்வியை அறை பார்க்கப் போகும் மாணவரே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.